துருப்பிடித்த பெட்ரோல் டேங்க்: அடைப்பதா, மாற்றுவதா?

காலையில் வண்டியை எடுக்கப் போனால் பெட்ரோல் வாடை. டேங்கின் அடியில் விரல் வைத்தால் ஈரம். உடனே ஒரு எம்-சீல் வாங்கிவந்து, பிசைந்து அப்பிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். கொஞ்ச நாள் தாங்கும், பிறகு அதன் ஓரத்திலேயே மறுபடி கசியும். பெட்ரோல் டேங்கைப் பெரும்பாலும் துரு உள்ளிருந்துதான் அரித்துக்கொண்டு வரும். நம் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை அந்த அரிப்பின் கடைசிக் கட்டம். அதைச் சுற்றி இன்னும் ஓட்டையாகாத தகடு மெலிந்து காத்திருக்கும்.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. மழையிலும் வாட்டர் சர்வீஸிலும் மூடி வழியே இறங்கும் நீரும், பாதி காலியாக நிற்கும் டேங்கில் வியர்க்கும் ஈரமும் அடியில் போய்த் தங்கும். அதனால் அரிப்பைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று: பெட்ரோல் காக்கைச் சுற்றி, இரண்டு தகடும் சேரும் அடி ஓரம், சைடு ஸ்டாண்டிலேயே நிற்கும் வண்டியென்றால் இடதுபுறத் தாழ்வு. இப்போது பங்க்கில் போடும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திவைக்கும் பழைய வண்டிகளுக்கு இது நல்லதல்ல. 2015 டிசம்பரில் சென்னையில் பார்த்தோமே, அதுபோல வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் கசியும்வரை காத்திருக்காமல் டேங்கைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

டேங்க்தானா?

கசிகிறது என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் டேங்கில் குற்றமே இருக்காது. காக்கின் வாஷர் இறுகிப்போயிருக்கும், அல்லது மீட்டர் மிதவையின் பேக்கிங் போயிருக்கும், ரப்பர் குழாய் வெடித்திருக்கும். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு முகப்பவுடரைத் தூவுங்கள். முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். காக்கின் இரண்டு திருகு அருகே நனைந்தால் சில ரூபாய் வாஷரோடு வேலை முடிந்தது. வழியில் ஊசித்துளை கண்டு வீடு வந்துசேர வேண்டுமென்றால் சலவை சோப்புக் கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, அன்றைய பயணத்துக்குப் போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

கழற்றும்போது

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 பைக்குகளில் பெரும்பாலும் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும், குழாயில் அழுத்தமும் நிற்கும். அவற்றை வீட்டில் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிடுங்கள். நான் சொல்வது ஆர்.எக்ஸ். 100, பழைய ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட் போன்ற கார்புரேட்டர் வண்டிகளுக்கு.

மொட்டைமாடி அல்லது திறந்த முற்றத்தில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சமையலறை அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ போய்ச் சேர்ந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். பெட்ரோலை மூடியுள்ள உலோக கேனில் இறக்குங்கள். பெப்சி பாட்டில் வேண்டாம், வாயால் உறிஞ்சி இழுப்பதும் வேண்டாம். சீட்டை எடுத்தால் பின்பக்கம் ஒன்றோ இரண்டோ போல்ட் இருக்கும். அதை எடுத்து, குழாயையும் மிதவை வயரையும் விடுவித்து, டேங்கைப் பின்னோக்கி இழுத்துத் தூக்கினால் முன்பக்க ரப்பர்களிலிருந்து வந்துவிடும்.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது என்பதை யாரும் சட்டென்று நம்புவதில்லை. திரவப் பெட்ரோல் தானாக வெடிக்காது. காற்றில் சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரை கலந்த ஆவிதான் வெடிக்கும், காலி டேங்கில் இருப்பது அந்தக் கலவைதான். பத்து நாள் வெயிலில் காய்ந்த டேங்கிலும் துருவுக்குள் ஊறிய பெட்ரோல் சூடு பட்டவுடன் ஆவியாக வெளிவரும். வெல்டிங் பட்டறை விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன.

துருவை எடுத்தல்

காக், மிதவை இரண்டையும் கழற்றி, அந்தத் துளைகளை ரப்பர் தக்கையால் அடையுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சுடுநீரில் கலந்து ஊற்றி, குலுக்கிக் கொட்டுங்கள். வாடை போகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அமிலம் துருவைத் தொடாது.

அடுத்து, ஒரு மீட்டர் சன்னமான இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு, கொஞ்சம் தண்ணீரோடு குலுக்குங்கள். ஜல்லியோ நட்டோ போடுவார்கள். ஒன்று உள்ளே சிக்கினால் ஆயுளுக்கும் கடகடவென்று சத்தம் வரும். சங்கிலியை முனையைப் பிடித்து இழுத்துவிடலாம். குலுக்கும்போது புதிதாகத் துளை விழுந்தால் வருத்தப்படாதீர்கள். நடுவழியில் விழ வேண்டியது இங்கே விழுந்தது.

மீதித் துருவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். லிட்டர் சுடுநீருக்கு 50 முதல் 100 கிராம். டேங்க் முழுவதும் நிரப்பி ஓரிரவு விடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். அது எரியும் வாயு என்பதால் பக்கத்தில் நெருப்பும் ஆகாது. வெளியே வழிந்தால் பெயின்ட் கெடும், எனவே ஈரத்துணி கையில் இருக்கட்டும். வெள்ளை வினிகரும் வேலை செய்யும், நாள் கூடும். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடும்.

அமிலத்தைக் கொட்டியதும் ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் சிறிது நேரத்திலேயே புதுத்துரு மஞ்சளாகப் படரும். ஹேர் டிரையரை வாயில் காட்டிச் சூடான காற்றை உள்ளே அனுப்புவது நல்லது. சிலர் ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றி ஈரத்தை எடுப்பார்கள். ஸ்பிரிட் உள்ளே இருக்கும்போது டிரையர் பக்கத்தில்கூட வரக் கூடாது.

இப்போது முடிவு

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெளியே ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். தகடு கெட்டியாக நின்று, ஓட்டை ஒன்றிரண்டுதான் என்றால் அடைக்கலாம். முனை உள்ளே போய்விட்டாலோ, அடி ஓரம் நெடுக உளுத்திருந்தாலோ மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், டேங்கை மாற்றிவிடுங்கள். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது வரும்.

அடைப்பதற்கு, டேங்க் வேலை தெரிந்த ஆளிடம் ஈயப் பற்றோ பித்தளை வெல்டிங்கோ வைக்கச் சொல்லுங்கள். சாதாரண கரண்ட் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொத்துவிடும். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓட்டை மேல்பக்கம் வரும்படி டேங்கைத் திருப்பி, அதற்கு ஓரங்குலம் கீழ்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே சூடு காட்ட வேண்டும். ஆவி தங்க இடம் இருக்காது. சைலன்சர் புகையை உள்ளே விட்டால் போதும் என்பவரிடம் டேங்கைக் கொடுக்காதீர்கள்.

பற்று ஆறியதும் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பதில் பயனில்லை. தண்ணீர் நிற்கும் துளையில் பெட்ரோல் இறங்கும். சாக்பீஸ் மாவைக் குழைத்து வெளியே பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு வையுங்கள். கசிந்தால் வெள்ளையில் கறை விழும். பஞ்சர் கடைக் காற்றை அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, டேங்க் உப்பிவிடும்.

உட்பூச்சு என்று விற்கும் எபாக்ஸி லைனர் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சுத்தமான தகட்டில், எத்தனால் தாங்கும் வகையைப் பூசி, டப்பாவில் சொன்ன நாள்வரை காயவிட்டால் உழைக்கும். துருமேல் பூசினால் தோலாக உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும், பிறகு அதைச் சுரண்டி எடுப்பது நரக வேதனை.

மாற்றுவதானால் முதலில் கம்பெனி ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள். நின்றுபோன மாடல்களுக்குச் சென்னை புதுப்பேட்டைபோல் பழைய உதிரிபாகச் சந்தைதான் கதி. கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பளபளக்கும் பெயின்ட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி தடவியிருக்கிறார்கள் என்று பொருள். காக் துளை, மூடியின் வாய், முன் ரப்பர் தாங்கி மூன்றையும் பழைய டேங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புது டேங்க் வேறு நிறமென்றால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தில் அடித்துவிடுவது சிரமத்தைக் குறைக்கும்.

மாட்டும்போது காக் வாஷர், ரப்பர் குழாய், ஃபில்டர் மூன்றும் புதிது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள், பழைய துரு அங்கேதான் படிந்திருக்கும். சாவி போட்டுத் திறக்கும் மூடியுள்ள பல வண்டிகளில் மூடிக்குக் கீழே சின்ன வடிகால் துளை ஒன்று உண்டு. அது மண்ணடைத்திருந்தால் மழைநீர் அங்கே குளமாக நின்று, பங்க்கில் மூடியைத் திறந்தவுடன் நேராக டேங்குக்குள் இறங்கும். ஐப்பசி மழைக்கு முன் மெல்லிய கம்பியால் அதைக் குத்திவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கீழே குழாய் வழியாக வடிகிறதா என்று பாருங்கள்.