அலுவலகச் சிறு மடிக்கணினி வீட்டுக்கு ஏற்றதா?

"பிள்ளை இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறான். நேரு பிளேசில் அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்ன மடிக்கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றனவாமே, வாங்கலாமா சார்?" சங்கத்து அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அலுவலகங்களுக்குக் கணினிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். வாங்கலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. யாருக்காக, எந்த மாடல், எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மடிக்கணினிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வீட்டு உபயோகத்துக்கென்று கடைகளில் பளபளப்பாக அடுக்கி வைத்திருப்பது. மற்றொன்று, கம்பெனிகள் நூறு இருநூறு என்று மொத்தமாக வாங்குவது. ஐ.பி.எம். நிறுவனம் 1992-ல் கொண்டுவந்து, 2005-ல் லெனோவா கைக்கு மாறிய திங்க்பேட், டெல் நிறுவனத்தின் லாட்டிட்யூட், ஹெச்.பி.யின் எலீட்புக் ஆகியவை இந்த இரண்டாம் வகை. இவற்றில் திரை 12.5 அல்லது 13.3 அங்குலமும், எடை ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள்ளும் உள்ளவற்றைத்தான் இங்கே சிறு மடிக்கணினி என்கிறேன். கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டுகளில் இவற்றை மாற்றிவிடுகின்றன. அப்படிக் கழிந்தவைதான் துடைத்து, பழுது பார்த்து, சந்தைக்கு வருகின்றன.

முதலில் நல்லதைச் சொல்வோம். இவற்றின் உழைப்பு பெரிது. மூடி, கீல், அடிப்பாகம் எல்லாம் தினமும் பையில் போட்டு எடுப்பதை எண்ணிச் செய்தவை. அமெரிக்க ராணுவத்தின் 'மில்-ஸ்டாண்டர்ட் 810' சோதனையில் தேறியது என்று விளம்பரத்தில் போடுவார்கள். அந்தச் சோதனையைத் தயாரிப்பாளரே செய்துகொள்கிறார் என்பதால் அதைப் பெரிய சான்றிதழாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கையில் எடுத்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

விசைப்பலகை அதைவிட முக்கியம். கணினி சிறிதானாலும் எழுத்து விசைகளின் அகலத்தை இவர்கள் பெரும்பாலும் குறைப்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. விண்டோசிலேயே இருக்கும் தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. இரண்டு கைகளும் தாராளமாக அமர இடமிருந்தால்தான் அந்த முறையின் வேகம் கைகூடும். பல மாடல்களில் விசைகளின்மேல் நீர் சிந்தினால் தாங்கும்படியும் அமைத்திருக்கிறார்கள். அது வெறும் நீருக்குத்தான். பாலும் சர்க்கரையும் கலந்த நம் வீட்டுக் காப்பி வேறு சங்கதி. குடிநீரோடு ஒப்பிட்டு ஏமாறவேண்டாம். எண்களுக்கென்று தனி விசைக்கட்டு இராது என்பதையும் டேலியில் கணக்கு எழுதுபவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

மூன்றாவது நன்மை, வெளியே பேசப்படாதது. இந்த மூன்று நிறுவனங்களும் தங்கள் அலுவலகக் கணினிகளைப் படிப்படியாக எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்ற சேவைக் கையேட்டை இலவசமாக வெளியிடுகின்றன. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் விற்றிருப்பதால் விசைப்பலகை, பாட்டரி, விசிறி எல்லாம் நேரு பிளேசிலும், சென்னை ரிச்சி தெருவிலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் பழுதானாலும் தவிக்கவேண்டியதில்லை. ரயில் பெட்டிகள் பலவற்றில் செருகுமுனை 110 வோல்ட்தான். இந்தக் கணினிகளின் அடாப்டரில் '100-240' என்று அச்சிட்டிருக்கும். ஆகவே தயங்காமல் செருகலாம்.

இனி குறைகள். முதலாவது, கண். அலுவலக அதிகாரி மேசையில் ஒரு பெரிய மானிட்டரில் இதை இணைத்துக்கொள்வார். வீட்டில் அந்த மானிட்டர் இல்லை. 12.5 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகளை அடைத்தால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் பொடிப்பொடியாக இருக்கும். ஆங்கிலத்தை எப்படியோ படித்துவிடலாம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கண்ணில் படாமல் போகும். 'ண'வும் 'ன'வும் மயங்கும். எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்தினால் படிக்கலாம், ஆனால் பக்கத்தில் பாதிதான் தெரியும். இன்னொன்று: கம்பெனிகள் விலையைக் குறைக்க மட்டமான 'டி.என்.' வகைத் திரையைக் கேட்டு வாங்குவதுண்டு. நேரே பார்த்தால் சரியாக இருக்கும், பக்கத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு நிறம் வெளுத்துவிடும். பாட்டியும் பேரனும் சேர்ந்து ஊரிலுள்ள அத்தையோடு வீடியோவில் பேசும் வீட்டுக்கு அது உதவாது. 'ஐ.பி.எஸ்.' திரையா என்று கேட்டு, கடையிலேயே பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

இரண்டாவது, வெப்பம். மெல்லிய உடலுக்குள் ஒரே ஒரு சிறு விசிறி. பெரிய வேலை கொடுத்தால் முதல் சில நிமிடங்கள் வேகமாக ஓடும், சூடு ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திங்க்பேட் கணினிகளுக்கு லெனோவா குறிப்பிடும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி. தில்லியின் மே, ஜூன் மாதங்களை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை! மெத்தைமேல் வைத்து அடித்துளைகளை அடைக்காமல், மேசையில் வைத்துப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விசிறித் தூசியை எடுக்கச் சொல்லுங்கள். வெப்பம் பாட்டரியின் ஆயுளையும் தின்னும். எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் 80 விழுக்காட்டோடு மின்னேற்றம் நிற்கும்படி அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். அடிப்பாகம் உப்பியிருந்தாலோ தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ பாட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அதை உடனே அணைத்துக் கடைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மூன்றாவது குறைதான் பணத்தைப் பதம் பார்ப்பது. கணினி மெலிய மெலிய, மாற்றக்கூடிய பாகங்கள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. 2017-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்270-ஐ எடுத்துக்கொள்வோம். நினைவகத்தை மாற்ற ஓர் இடம், வெளியே கழற்றும் பாட்டரி, இணையக் கம்பிக்கு முழு அளவுத் துளை எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்280-ல் நினைவகம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டுவிட்டது, பாட்டரி உள்ளே போய்விட்டது, இணையக் கம்பிக்குத் தனி இணைப்பான் வேண்டும். 8 ஜி.பி.யோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான். அப்படியானால் எக்ஸ்270 வாங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, சில விலக்குகள் போக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். எக்ஸ்270-ல் இருப்பது ஆறும் ஏழும். பழுது பார்க்க எளிதானது கோட்டுக்கு அந்தப் பக்கமும், பழுது பார்க்கக் கடினமானது இந்தப் பக்கமும் நின்றுவிட்டன. லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் எக்ஸ்270 இன்றும் நல்ல பொருள்தான். இல்லையென்றால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 'ஐ5' என்பதற்குப் பின்னால் கோடு, ஏழு, எட்டு போன்ற தலைமுறைகளில் அதன் பின் வரும் முதல் எண்தான் தலைமுறை. 7300 என்றால் ஏழு, 8350 என்றால் எட்டு.

இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமல் இல்லை. ஹெச்.பி. எலீட்புக் 830 ஜி5 என்பது 13.3 அங்குலம், எட்டாம் தலைமுறை, நினைவகத்துக்கு இரண்டு இடங்கள். கொஞ்சம் எடையைப் பொறுத்துக்கொண்டால் 14 அங்குலத் திங்க்பேட் டி480 இருக்கிறது. அதிலும் எட்டாம் தலைமுறைச் சில்லு உள்ளதைக் கேட்கவேண்டும். இரண்டு நினைவக இடங்கள், கழற்றும் பாட்டரி, கம்பித் துளை எல்லாம் உண்டு. 2017 முதல் 2019 வரையிலான பல திங்க்பேட் மாடல்களில் மின்னேற்றும் யு.எஸ்.பி.-சி துளை செயலிழக்கக்கூடிய ஒரு கோளாறுக்கு லெனோவாவே திருத்தம் வெளியிட்டது. டி480, எக்ஸ்280 இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கடையிலேயே அந்தத் துளையில் அடாப்டரைச் செருகி மின்னேறுகிறதா என்று பாருங்கள். திருத்தம் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, பூட்டு. அலுவலகத்தில் திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு வீட்டுக்கு வந்தபின் நம்மையே வெளியில் நிறுத்தும். கணினியைப் போட்டதும் திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10 விசையைத் தட்டி உள்ளமைப்புக்குள் போங்கள். அங்கே கடவுச்சொல் கேட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திங்க்பேட்டில் மேலாளர் கடவுச்சொல் தெரியாமல் போனால் மதர்போர்டையே மாற்றவேண்டும் என்பதுதான் லெனோவா சொல்லும் வழி. பிறகு இணையத்தோடு இணைத்து, விண்டோசைப் புதிதாக நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அலுவலக முகவரியால் நுழையச் சொன்னால், அந்தக் கணினி இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் "அது ஒன்றுமில்லை" என்பார். கேட்காதீர்கள். தொடர் எண் குறித்த ஜி.எஸ்.டி. பில் இல்லாமலும் வாங்காதீர்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு, பேருந்திலும் ரயிலிலும் தூக்கிச் செல்ல, இந்தச் சிறு கணினியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. நினைவகம் பற்றவைத்ததாக இருந்தால் 16 ஜி.பி.க்குக் குறையாமல் பாருங்கள். வீட்டுக்கே ஒரே ஒரு கணினி, அதில் அப்பா கணக்கு எழுதவேண்டும், அம்மா சங்க மலருக்குத் தட்டச்சு செய்யவேண்டும், தாத்தா செய்தித்தாள் படிக்கவேண்டும் என்றால் 14 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். சிறியதுதான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், அதோடு ஒரு பழைய 22 அங்குல மானிட்டரையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். அதே தெருவில் அதுவும் கிடைக்கும்.