புயல் எங்கே கரை ஏறும்?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சாலை வழியே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மாணவர்களே, இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கக் கடலில் ஒரு புயல் மேற்கு நோக்கி நகர்ந்து வருகிறது. அது எங்கே கரையைக் கடக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. இப்போதெல்லாம் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் கணிப்பில் புயல் மையத்தின் இடம் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் தவறுகிறது. முன்பெல்லாம் பிழை இதைவிட மிக அதிகம். ஆனாலும் பாருங்கள், இன்றைய பிழையே கடலூர் – சிதம்பரம் தூரத்தைவிடப் பெரியது! 2009 முதல் புயலின் பாதையை வெறும் கோடாக வரையாமல், போகப் போக விரியும் கூம்பாகவும் வரைந்து காட்டுவது இதனால்தான்.

நாற்பது கிலோமீட்டரில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? பூமியின் வட பாதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே மேற்கே வரும் புயலுக்கு வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். கடல்நீரை ஊருக்குள் தள்ளும். தெற்குப் பக்கத்தில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். புயல் பரங்கிப்பேட்டையில் கரை ஏறினால் கடலூர்க் கரையில் கடல் பொங்கும். அதே புயல் புதுச்சேரியில் ஏறினால் கதையே வேறு.

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2018 நவம்பரில் ‘கஜா’ கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே வரும் என்று முதலில் கணிக்கப்பட்டது. கணிப்பு நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்தது. 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே புயல் கரை ஏறியது. 2020 டிசம்பரில் ‘புரெவி’ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. ஆனால் தொலைவிலுள்ள சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் தேங்கியது.

கஜாவுக்காகக் கடலூரில் ஒருவர் படகை மேட்டில் ஏற்றி வைத்திருந்தால் அவர் ஏமாந்தவரா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு ஃபைபர் படகு. டிராக்டர் வாடகை, இழந்த மீன்பாடு எல்லாம் சேர்த்துப் பாதுகாக்க 5,000 ரூபாய் செலவு என்று கொள்வோம். பாதுகாக்காமல் விட்டுப் புயல் அடித்தால் இழப்பு 1,50,000 ரூபாய். செலவை இழப்பால் வகுத்தால் 30இல் 1 பங்கு. புயல் இங்கே வரும் வாய்ப்பு அதைவிட அதிகமானால், அதாவது நூற்றுக்குச் சுமார் மூன்றரை ஆனாலே, படகை ஏற்றுவதுதான் சரி. புயல் வராவிட்டாலும் அந்த முடிவு தவறாகிவிடாது. முடிவு எடுத்த வேளையில் கையில் இருந்த செய்தியைக் கொண்டுதான் அதை மதிப்பிட வேண்டும். பிறகு நடந்ததைக் கொண்டு அல்ல. (உயிர்ச்சேதத்துக்கு இப்படி விலை போட முடியாது. மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று முன்னதாகவே சொல்வது அதனால்தான்.)

இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கணிப்பு துல்லியமாகுமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் படகுகளை ஏற்ற அரை நாள் வேண்டுமே! செய்தி தெளிவாகும்போது காற்று எழும்பிவிடும்.

வீராணம் ஏரியில் சிக்கல் இன்னும் கடினம். கனமழை வருமென்று தண்ணீரை முன்பே திறந்துவிட்டு மழை பொய்த்தால், பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் பஞ்சம். திறக்காமல் இருந்து மழை கொட்டினால், சுற்றுவட்டார வயல்களில் வெள்ளம். இரண்டு பிழைகளுமே கனமானவை. இங்கே ஒரே முடிவாக எடுக்காமல், கொஞ்சம் திறப்பது, வரத்தை அளப்பது, மறுபடி முடிவு செய்வது என்று படிப்படியாகப் போவதே வழி.

கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் 1 முதல் 10 வரை, புயலின் தொலைவையும் கடுமையையும் அது துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் போகும் என்பதையும் சொல்பவை. 11ஆம் எண்ணின் பொருள் வேறு: வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருப்பதாக இங்குள்ள அதிகாரி கருதுகிறார். செய்தி எதுவுமே வராதபோதும் ஏற்ற ஒரு கூண்டை வைத்திருக்கிறார்கள்!