சாசேஜ் பாக்கெட்டை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?



ஏற்காடு மலைக்கு மளிகையும் மசாலாவும் மட்டுமே அனுப்பி வந்த என்னைப் போன்ற சேலம் மொத்த வியாபாரிகள், இன்று குளிர்பெட்டிச் சரக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. கரடியூர் காட்சிமுனைப் பக்கம் காட்டேஜ் எடுத்துத் தங்கும் வெளியூர்க் குடும்பங்கள், மாலையானால் முற்றத்தில் கரி மூட்டி ஏதாவது சுட்டுச் சாப்பிட விரும்புகிறார்கள். கோழி வாங்கி, வெட்டி, மசாலா தடவிக் காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. “ஹாட் டாக் பாக்கெட் இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். நாமும் ஃப்ரீசரைத் திறந்து, “மூன்று விலையில் இருக்கிறது” என்கிறோம். “எது நல்லது?” என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பதிலுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். நீள பன்னுக்குள் சாசேஜ் வைத்துத் தருவதே ஹாட் டாக். நம் பக்கம் விற்பது பெரும்பாலும் கோழி இறைச்சியில் செய்தது. நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும் 2016இல் மலேசிய அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறை, ஹலால் சான்று கேட்ட ஒரு நிறுவனத்திடம் ‘டாக்’ என்ற சொல்லை மாற்றும்படி கூறியது. வாங்குபவருக்குக் குழப்பம் வரக் கூடாது என்பதே காரணம். நாமும் கடைப் பலகையில் ‘சிக்கன் சாசேஜ்’ என்று எழுதுவதே நல்லது.

இனி லேபிளைப் படிப்போம்.

1. சேர்மானப் பட்டியல்: எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். கோழி இறைச்சி முதலில் இருக்க வேண்டும். தண்ணீர், ஸ்டார்ச், சோயா ஆகியவை எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று பாருங்கள். அவை முன்னே வர வர, இறைச்சி குறைகிறது என்று பொருள்.

2. புரதக் கணக்கு: உதாரணத்துக்கு, 500 கிராம் பாக்கெட் ஒன்று ரூ.180. அதில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராம். அதே எடையில் இன்னொன்று ரூ.225. அதில் புரதம் 15 கிராம். முதல் பாக்கெட்டில் மொத்தப் புரதம் 50 கிராம், கிராமுக்கு ரூ.3.60 ஆகிறது. இரண்டாவதில் 75 கிராம், கிராமுக்கு ரூ.3 தான். விலை குறைந்த சரக்கே இங்கே விலை கூடியது! சோயாவிலும் புரதம் உண்டு என்பதால், இந்தக் கணக்கைச் சேர்மானப் பட்டியலோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

3. ஐ.என்.எஸ். 250: இது சோடியம் நைட்ரைட். இறைச்சியில் கொடிய நச்சுக் கிருமி வளராமல் தடுப்பதும், இளஞ்சிவப்பு நிறம் தருவதும் இதுவே. உப்பும் இவ்வகைச் சரக்கில் அதிகம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. ஆகவே இது சுற்றுலா வந்த இடத்தில் எப்போதாவது சாப்பிடும் பண்டம். குழந்தைக்குத் தினமும் கொடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது.

4. மேலுறை: சிலவற்றுக்கு உறை கிடையாது. சிலவற்றுக்குக் கொலாஜன் உறை உண்டு. அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். வாடிக்கையாளர் கேட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடுப்புச் சோதனை. ஒவ்வொரு வகையிலும் நான்கு சாசேஜை எடை போட்டுக்கொண்டு, தணிந்த கரியில், கம்பி வலை மேல் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். குத்தக் கூடாது, சாறு வடிந்துவிடும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். பிறகு மறுபடியும் எடை போடுங்கள். எடை மிகவும் குறைந்தால், நாம் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறோம். சுடும்போது வெடித்துப் பிளப்பதும், வாயில் மாவாகக் கரைவதும் அடுத்த முறை விலை போகாது.

இவ்வளவு பார்த்து வாங்கிய சரக்கும் ஒரே இரவில் வீணாகும். உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மே மாதம், கோடை விழா நெரிசலில், தெர்மோகோல் பெட்டியில் வைத்துச் சாதாரண வேனில் நான் அனுப்பிய சரக்கு மதியம் கிளம்பி மாலையில்தான் சேர்ந்தது. அன்றிரவு அங்கே மின்சாரமும் இல்லை. காலையில் கடைக்காரத் தம்பி போன் செய்தார். “ஐயா, பாக்கெட்டுக்குள் தண்ணீர் கட்டி உறைந்திருக்கிறது. இப்போது கல் மாதிரி ஆகிவிட்டது. விற்கலாமா? ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டு நிற்கிறது.”

இளகி மறுபடி உறைந்த சரக்கு அது. பார்வைக்குக் குறை தெரியாது. இளகிய நேரத்தில் பெருகிய கிருமி, உறைந்தால் தூங்குமே தவிரச் சாவதில்லை. “விற்காதே தம்பி, குழி தோண்டிப் புதைத்துவிடு” என்றேன். வேனில் இளகியதா, கடையில் இளகியதா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். புதிதாகக் கடை வைத்தவருக்கு அது சிறிய தொகை அல்ல.

அன்று முதல் விடியற்காலையில்தான் வண்டி ஏற்றுகிறேன். ஏற்றும்போது உள்ள குளிரளவையும் நேரத்தையும் பில்லிலேயே எழுதுகிறேன். இறக்கும்போது உள்ளதை அவர் எழுதிக் கையெழுத்திடுகிறார். ஃப்ரீசருக்குள் ஒரு கிண்ணம் உறைந்த தண்ணீரில் ஒரு நாணயத்தை மேலே வைத்திருக்கிறார். நாணயம் உள்ளே இறங்கியிருந்தால், இரவில் பனிக்கட்டி இளகியது என்று தெரிந்துவிடும். செலவு ஒரு ரூபாய்தான்!

அந்தக் குடும்பத்துக்கு அன்று அவர் முட்டையும் பன்னும் கொடுத்து, நடந்ததையும் சொல்லி அனுப்பினார். சரக்கைத் தெரிந்துகொள்வது நமக்கு லாபம். விற்கக் கூடாத நாளில் “இல்லை” என்று சொல்வது அதைவிடப் பெரிய முதல்.