லேப்டாப் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? மதர்போர்டை மாற்றும் முன்...

பொங்கல் விடுமுறைக்குப் பெண்ணாடம் போயிருந்தபோது சித்தி மகள் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, சார்ஜே ஏற மாட்டேங்குது. கடையில போர்டு போயிடுச்சு, பன்னிரண்டாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க" என்றாள். அடாப்டரைச் செருகியிருக்கும்வரை எல்லாம் ஓடுகிறது. கழற்றிய நொடியே திரை அணைந்துவிடுகிறது. முந்தைய வாரம் கரண்ட் போனதில், சேவ் செய்யாமல் வைத்திருந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருபது பக்கம் போய்விட்டது. கரும்புப் பணம் வந்ததும் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று சித்தப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"போர்டு போச்சு" என்று சொல்வது, டாக்டரிடம் போனால் "உடம்பு சரியில்லை" என்று அவர் சொல்வதைப் போன்றது. உடம்பில் எது சரியில்லை என்று தெரிய வேண்டாமா? அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நீங்களே சால்டரிங் செய்ய வேண்டியதில்லை. கடையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் சார்ஜ் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான அடாப்டர்கள் 19 அல்லது 19.5 வோல்ட் தருகின்றன. மூன்று செல் வரிசையாக உள்ள பேட்டரி முழுதாக நிறையும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்தான் இருக்கும். இந்த 19 வோல்ட்டைக் குறைத்து, அளவோடு பேட்டரிக்குள் செலுத்தும் வேலையை மதர்போர்டில் உள்ள சார்ஜிங் ஐசி செய்கிறது. ஆனால் அது தன்னிச்சையாகச் செய்வதில்லை. எம்பெடட் கண்ட்ரோலர் என்ற இன்னொரு சிப், பேட்டரியோடு இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாகப் பேசுகிறது. எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, சூடு எவ்வளவு என்றெல்லாம் கேட்டுக்கொண்டு, இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் கொடு என்று சார்ஜிங் ஐசிக்குக் கட்டளை இடுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் பிக்யூ 24725ஏ போன்ற ஐசிக்களில், வேறு விதமாக அமைக்கப்படாவிட்டால், 175 வினாடிகள் புதுக் கட்டளை வராதபோது சார்ஜிங்கை ஐசியே நிறுத்திவிடும்.

ஆகவே பேட்டரி, கண்ட்ரோலர், சார்ஜிங் ஐசி ஆகிய மூன்றில் யார் பேசவில்லை என்பதுதான் கேள்வி. இதற்கான முதல் தடயம் உங்கள் திரையிலேயே இருக்கிறது. அடாப்டரில் லேப்டாப் ஓடுகிறது என்றால் அடாப்டர், அதைச் செருகும் ஜாக், உள்ளே வரும் முக்கிய மின்பாதை ஆகியவை ஓரளவு நன்றாக இருக்கின்றன. டாஸ்க்பாரில் உள்ள பேட்டரி படத்தின் மேல் மவுஸைக் கொண்டு செல்லுங்கள். பேட்டரியே இல்லை என்று வந்தால் பேட்டரி அல்லது அதன் கனெக்டர் மீது முதலில் சந்தேகப்படுங்கள். சதவீதம் காட்டிவிட்டு, சார்ஜ் மட்டும் ஆகவில்லை என்று வந்தால் பேட்டரியும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். தங்கை லேப்டாப்பில் 0 சதவீதம், சார்ஜ் ஆகவில்லை என்று வந்தது.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்

ஒரு எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ அடிமூடி வளைந்தோ இருந்தால், மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, குத்தாமல் அழுத்தாமல் கடைக்குக் கொண்டு போங்கள்.

அடுத்து செட்டிங்குகள். பல நிறுவனங்கள் பேட்டரி ஆயுளைக் காக்க 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியைத் தங்கள் மென்பொருளில் தருகின்றன. அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பேட்டரி சரியாக அந்த எண்ணில் நின்றால் முதலில் அங்கே பாருங்கள். பேட்டரி மிகவும் சூடாக இருந்தாலும் கண்ட்ரோலர் சார்ஜ் செய்ய விடாது. அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். பிறகு லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, அடாப்டரைக் கழற்றி, பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். கண்ட்ரோலர் குழம்பிப் போயிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். செலவில்லாத வைத்தியம்.

அடாப்டர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. டெல் போன்ற சில நிறுவனங்களின் அடாப்டரில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்பதை லேப்டாப் அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த ஊசியோ அதன் கம்பியோ கெட்டால் லேப்டாப் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. பயாஸுக்குள் போனால் அடாப்டர் வகை தெரியவில்லை என்று அறிவிப்பு இருக்கும். டைப் சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப்பில் செல்போன் சார்ஜரைச் செருகினாலும் இதே கதைதான், வாட் போதாது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் அடாப்டரை ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் பாருங்கள். நாங்களும் தங்கையின் வகுப்புத் தோழியிடம் வாங்கிச் செருகிப் பார்த்தோம். பலன் இல்லை.

இதற்குப் பிறகுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எங்கயாவது கீழ விழுந்துச்சா?" முதலில் இல்லை என்றாள். சித்தப்பா வெளியே போன பிறகு, "கட்டில்லேர்ந்து ஒரு தடவை விழுந்துச்சு அண்ணா, அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள். அது விழுந்து சில நாள் கழித்துத்தான் சார்ஜ் நின்றிருக்கிறது.

மதர்போர்டின் மேல்

மறுநாள் விருத்தாசலத்தில் சிப் லெவல் வேலை செய்யும் ஒருவரிடம் போனோம். அவர் பேட்டரியைக் கழற்றி, தன்னிடம் இருந்த அதே வகை லேப்டாப்பில் போட்டார். சார்ஜ் ஏறியது. ஆக, பேட்டரி நிரபராதி. அப்புறம் போர்டுக்குச் சப்ளை கொடுத்து, சார்ஜிங் ஐசி தன் சொந்த வேலைக்காக உருவாக்கிக்கொள்ளும் சிறு வோல்டேஜை அளந்தார். ஐசியைப் பொறுத்து 5 அல்லது 6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். சப்ளையை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை பீப் ஒலிக்கு மாற்றி வைத்தார். அந்தப் பாதைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பீப் அடித்தது. ஷார்ட்!

ஷார்ட் எந்தப் பாகத்தில் என்று கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. அந்தப் பாதையில் இருக்கும் எல்லாப் பாகங்களிலும் மீட்டர் ஒரே மாதிரி பீப் அடிக்கும் என்பதால் மீட்டரால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் 1 வோல்ட் அளவில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, அந்தப் பகுதி முழுவதும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவினார். ஓர் அரிசியை விடச் சின்னதாக இருந்த ஒரு கெபாசிட்டரின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. மின்சாரம் அதன் வழியாகத்தான் கிரவுண்டுக்கு ஓடிச் சூடேற்றுகிறது.

அது பீங்கான் கெபாசிட்டர். விருத்தாசலத்துக்காரர்களுக்கு பீங்கானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே போட்டால் உடையும், வளைத்தாலும் உடையும். பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் பொருளையும் உலோகத்தையும் மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி வைத்துச் சுட்டு இதைச் செய்கிறார்கள். லேப்டாப் விழும்போது போர்டு இம்மியளவு வளைந்தால்கூட உள்ளே விரிசல் விழலாம். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு விரிசலில் அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகிவிடும்.

அதை எடுத்ததும் பீப் நின்றது. வேறொரு பழைய போர்டிலிருந்து அதே மதிப்புள்ள கெபாசிட்டரை எடுத்து வைத்தார். கூலி 700 ரூபாய். கெபாசிட்டருக்கு அவர் காசு வாங்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி மலிவாக முடியும் என்று சொல்ல மாட்டேன். டீயோ தண்ணீரோ கொட்டிப் பல இடங்களில் பச்சை பூத்த போர்டையும், கண்ட்ரோலர் சிப்பே கெட்ட போர்டையும் சரிசெய்யச் செலவழிப்பதைவிட வேறு போர்டு வாங்குவது மேல் என்பது என் கருத்து. அதையும் கடைக்காரர் அளந்து பார்த்துச் சொல்லட்டும். போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேட்டரியை வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தீர்களா? சார்ஜிங் ஐசிக்கு சப்ளை வருகிறதா? எந்தப் பாதையில் ஷார்ட்? பதில் வராவிட்டால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். அதற்கு முன் உங்கள் ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்ததும் கடையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்து சதவீதம் ஏறுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஒரு முன்சாய்கோடும் அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாகவும் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அது உருவாக்கும் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் அங்கேயே காட்டும். அதில் புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவும், இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தங்கையின் பேட்டரியில் முதல் எண் 41,000, இரண்டாவது 30,500 மில்லிவாட் மணி. இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன். கட்டில் விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.