பள்ளி யார் நிலத்தில் உள்ளது?

1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய வகுப்பிலிருந்தே மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். இன்று மாக் மண்டின் உட்படப் பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுக்காக அரசாங்க நிதி கேட்டு மனுக்கொடுக்கப் புறப்படும் மாணவ நண்பர்களே, முதலில் ஒன்றை விசாரியுங்கள்: பள்ளி யாருடைய நிலத்தில் உள்ளது?

அரசாங்க நிலமென்றால் பொதுவாக முழு உதவி. தோட்ட நிலமோ தனியார் நிலமோ என்றால் பகுதி உதவிதான். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும். ஆனால் கூரை ஒழுகினால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடைக்கு அலைய நேரும்.

எனவே, மனுவில் நிலத்தின் நிலை, மாணவர் எண்ணிக்கை, பழுதுகளின் படம், செலவு மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். முழு உதவியையும் சேர்த்தே கேளுங்கள். ஒருமுறை வரும் காசோலை ஒரு கூரையைத்தான் மாற்றும். முழு உதவியோ அடுத்த தலைமுறையையும் காக்கும்.