மீன்தூளின் சக்தி மதிப்பு

கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள் மீன்தூள் வாங்கும்போது, புரதம் எத்தனை சதம் என்று மட்டுமே கேட்பது வழக்கம். அக்கேள்வி அவசியமானதே, ஆயினும் அது போதாது. கோழி பெரும்பாலும் தன் உடலுக்கு வேண்டிய சக்தி நிறையும் அளவுக்கே தீவனம் தின்னும். தீவனத்தில் சக்தி குறைந்தால் கூடுதலாகத் தின்று ஈடு செய்யும். அச்செலவு வளர்ப்பவரைச் சேரும். ஆகவே சக்தியை மதிப்பிடும் முறையை அறிவோம்.

ஒரு கிராம் கொழுப்பை எரித்தால் ஏறத்தாழ 9.4 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும், புரதத்தில் 5.6 கிடைக்கும். எனினும் எரிவதெல்லாம் கோழிக்குப் பயன்படுவதில்லை. செரியாத பகுதி எச்சத்தில் போகிறது. புரதத்திலுள்ள நைட்ரஜன் யூரிக் அமிலமாகக் கழியும்போது ஒரு பங்கு சக்தியும் உடன் வெளியேறுகிறது. தின்றதில் எச்சமாய்க் கழிந்தது போக மிஞ்சுவதே பயன்படு சக்தி. எலும்பின் தாது, உப்பு, மணல் ஆகியவை எரித்தபின் சாம்பலாய் எஞ்சுவன. அவற்றில் சக்தி சிறிதும் இல்லை.

இதனை நேரில் அளக்கக் கோழிகளுக்குத் தீவனமிட்டு, எச்சத்தைச் சேகரித்து, இரண்டையும் கலோரிமானியில் எரித்துப் பார்க்க வேண்டும். ஹில், ஆண்டர்சன் ஆகிய இருவரும் 1958-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் புகழ்பெற்றது. ஆனால் வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வாறு செய்தல் இயலாது. ஆதலின் இரசாயனப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் வாய்பாடுகள் எழுந்தன. 60 முதல் 67 சதம் புரதமுள்ள மீன்தூளுக்கு, அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994-ஆம் ஆண்டு நூல் தரும் வாய்பாடு இது:

உலர்பொருள் சதத்தை 35.87-ஆல் பெருக்குக. சாம்பல் சதத்தை 34.08-ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க. கொழுப்புச் சதத்தை 42.09-ஆல் பெருக்கிக் கூட்டுக. வருவது ஒரு கிலோவிலுள்ள கிலோ கலோரி.

உதாரணமாக இரு சரக்குகளைக் கொள்வோம். இரண்டிலும் உலர்பொருள் 92. முதலாவதில் சாம்பல் 18, கொழுப்பு 8, சக்தி 3,023. இரண்டாவதில் சாம்பல் 26, கொழுப்பு 4, சக்தி 2,582. வித்தியாசம் 441. தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு மீன்தூள் எனில், கிலோவுக்கு 44 கிலோ கலோரி குறையும். 2,600 கிலோ கலோரித் தீவனத்தில் நாளொன்றுக்கு 110 கிராம் தின்னும் முட்டைக்கோழி, இக்குறையை ஈடுசெய்ய ஏறத்தாழ 2 கிராம் கூடுதலாகத் தின்ன வேண்டும். ஆயிரம் கோழிகளுக்கு ஆண்டில் இது ஏறத்தாழ 700 கிலோ தீவனமாகும்!

இரண்டு எச்சரிக்கைகள். இறைச்சி-எலும்புத் தூளுக்கு இவ்வாய்பாடு பொருந்தாது. அதற்குத் தனி வாய்பாடு உண்டு. மேலும், யூரியா கலந்த தூளில் புரதச் சதம் பொய்யாக உயர்ந்து காட்டும். இவ்வாய்பாடும் அக்கலப்பைக் காட்டிக்கொடுக்காது. யூரியாவைத் தனியே சோதித்தல் வேண்டும்.

மணலை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிறிது தூளை நீரில் கலக்கி வைத்து, அடியில் தங்கியதை விரலால் தேய்த்துப் பார்க்க, மணலாயின் நறநறக்கும். ஐயமிருப்பின் அமிலத்தில் கரையாச் சாம்பலைப் பரிசோதனைச் சாலையில் அளந்தறியலாம். தனியொருவருக்குப் பரிசோதனைக் கட்டணம் பாரமே. சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால், பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே பரிசோதனைக்கு அனுப்பலாம். செலவு எல்லோருக்கும் பங்காகும். ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகிய நான்கையும் கேட்டுப் பெற்ற பின்னரே விலை பேசுக.

பயிற்சி: உலர்பொருள் 90, சாம்பல் 22, கொழுப்பு 6 உள்ள மீன்தூளின் சக்தி என்ன? (விடை: 2,731 கிலோ கலோரி)