முதலில் வெறும் சோறு

விதைக் கம்பெனியில் வேலை என்றால் மதியச் சாப்பாடு வீட்டில் கிடையாது. காலையில் ஒரத்தநாடு, மத்தியானம் மன்னார்குடி, சாயங்காலம் திருத்துறைப்பூண்டி டீலரிடம் வசூல் என்று நாள் ஓடும். பசி எடுக்கிற ஊரில்தான் இலை. இப்படிப் பல வருஷமாகத் தஞ்சாவூரைச் சுற்றி ஹோட்டல், மெஸ், ரோட்டோரக் கொட்டகை என்று சாப்பிட்டதில் சில பழக்கங்கள் படிந்துவிட்டன. அதில் முக்கியமானது, இலையில் சோறு விழுந்ததும் சாம்பாரைத் தடுத்துவிட்டு ஒரு வாய் வெறும் சோறு தின்று பார்ப்பது.

“குழம்பு ஊத்தட்டுங்களா சார்?” என்று வாளியோடு நிற்கிற தம்பிக்குப் பொறுமை இருக்காது. இருந்தாலும் அந்த ஒரு வாயில் விஷயம் தெரிந்துவிடும். சாம்பாரைப் பெருங்காயமும் வெல்லமும் தேற்றிவிடும். ரசத்தை மல்லித்தழை காப்பாற்றும். வடித்த சோற்றுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. என்ன அரிசி, கஞ்சி ஒழுங்காக வடிந்ததா, பதினோரு மணிக்கு இறக்கியதை மூடி வைத்து இரண்டரை மணிக்குப் போடுகிறார்களா, எல்லாம் நாக்குக்கு வந்துவிடும். ரொம்ப நேரம் மூடிக் கிடந்த சோற்றில் ஒரு புழுங்கின வாடை இருக்கும். அது இருந்தால் ரசத்தோடு முடித்துக்கொள்வேன், மோருக்குப் போக மாட்டேன். சோற்றைக் கவனிக்காத சமையல்கட்டில் தயிரை எத்தனை மணிக்கு உறைக்கு ஊற்றியிருப்பார்கள் என்று யார் கண்டது?

பெரிய கோயில் பார்க்க வருகிற வெளியூர் நண்பர்கள், “நெல்லு விளையற ஊரு, சோறு பிரமாதமா இருக்கும்” என்று நம்பிக்கையோடு உட்காருவார்கள். அவர்களை ஒருதரம் ஹோட்டலின் பின்கட்டை எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அடுக்கியிருக்கும் 26 கிலோ மூட்டைகளின் மேல் ‘கர்நாடகா பொன்னி’ என்றோ காங்கேயம் பக்கத்து மில்லின் பெயரோ அச்சாகியிருக்கும். (மூட்டை ஏன் 26 கிலோ என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மில்காரர்கள் மேலே ஒரு கிலோவைப் போட்டுத் தைத்துவிட்டார்கள்.) இங்கே அறுக்கிற நெல் பெருமளவு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து அரவை, அப்புறம் ரேஷன் கடை. ஹோட்டல்காரருக்கு வேண்டியது ஒரே ரகமாக, குறைந்தது ஆறேழு மாதம் பழசான அரிசி. பழைய அரிசிதான் உதிரும், அதுதான் சோறும் காணும். அது எந்த ஊர் மூட்டையில் வந்தால் அவருக்கென்ன?

ஆகவே எங்கள் ஊர் ஹோட்டலில் சோற்றை மதிப்பிட, பருவம் தெரிந்திருக்க வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்து எல்லாம் ஒழுங்காக நடந்தால் குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் களத்துக்கு வரும். சம்பா தை, மாசியில். இந்த இரண்டு தடவையும் மலிவு விலை மெஸ்களில் சோறு சற்றுக் குழைந்து, கையில் ஒட்டும். பழைய இருப்போடு புது அரிசியைக் கலக்கிறார்கள் என்று அர்த்தம். குற்றமில்லை, அந்த விலைக்கு அவரும் பிழைக்க வேண்டும். நான் செய்வது, தை மாசியில் அந்த மாதிரி இடங்களில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலைப் பொங்கலுக்குப் போய்விடுவது. புதுப் பச்சரிசி குழைவதுதான் பொங்கலுக்கு அழகு. வருஷத்தில் வேறெந்த மாதத்திலும் அந்த வெண்பொங்கல் வராது.

சொல்லப்போனால் டெல்டாவில் மதியச் சாப்பாட்டைவிட டிபன்தான் ஒரு படி மேல் என்பது என் கட்சி. சாப்பாட்டுக்கு வெளி அரிசி வந்தாலும் இட்லிக்கு உள்ளூர் நெல் வந்துவிடுகிறது. ஆடுதுறையில் 1922லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே பிறந்த ஏடிடீ 37, சம்பாவில் போடுகிற சி.ஆர். 1009 மாதிரி குண்டு ரகங்கள் மாவுக்கென்றே வாய்த்தவை. சன்ன ரகத்துக்குக் கொள்முதலில் கொஞ்சம் கூடுதல் விலை கிடைத்தாலும், தண்ணீர் தேங்குகிற பள்ளக்காலில் சி.ஆர். 1009ஐ விட மனசில்லாத விவசாயிகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களால்தான் கும்பகோணத்து இட்லி பூப்போல இருக்கிறது.

அந்த இட்லிக்குக் கூட்டு கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேக வைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிவது. சாம்பாரின் புளிப்பும் இல்லாமல் குருமாவின் காரமும் இல்லாமல் நடுவில் நிற்கும். வெளியூர்க்காரர்கள் செய்கிற பிழை, இதைத் தோசைக்குத் தொட்டுக்கொள்வது. முறுகல் தோசை அதில் நனைந்தால் இரண்டுமே கெட்டுவிடும். இட்லியின் மேல் தாராளமாக ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டியது. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கடப்பா போட மாட்டார்கள். உட்காருவதற்கு முன்னால் கல்லாவில் கேட்டுவிடுங்கள்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “என்ன இருக்கு?” என்று கேட்டால் சப்ளையர் மூச்சுவிடாமல் முப்பது பெயர் ஒப்பிப்பார், அதில் பாதி காலையிலிருந்து இருப்பது. “அண்ணே, இப்ப எது சூடா அடுப்புலேருந்து இறங்குது?” என்று கேளுங்கள். அவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றோ இரண்டோதான் சொல்வார். அதைச் சாப்பிடுங்கள். ரவா தோசைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பக்கத்து இலையில் கொதிக்கக் கொதிக்க விழுகிற வடையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களை தினமும் பார்க்கலாம்.

காபிக்கு வருகிறேன். செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து திருச்சி வரை நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு. எல்லாக் கடையிலும் பளபளவென்று பித்தளை டபரா, டம்ளர். அந்தப் பித்தளையை நம்பாதீர்கள். கும்பகோணத்திலேயே எவர்சில்வர் டம்ளரில் நல்ல காபி குடித்திருக்கிறேன், நெடுஞ்சாலையில் பித்தளை டம்ளரில் சர்க்கரைப் பாகும் குடித்திருக்கிறேன். காபி நிற்பதும் விழுவதும் பாலிலும் டிகாஷன் இறங்கிய நேரத்திலும். தண்ணீர் கலக்காத பசும்பாலை அப்போதைக்கப்போது காய்ச்ச வேண்டும். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முதல் டிகாஷன் இருக்கும். பத்து மணிக்கு மேல் அதே தூளில் இரண்டாம் தடவை வெந்நீர் விட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம், நிறம் வரும், மணம் வராது. பெரிய அண்டாவில் பால் ஆடை மடிந்து மடிந்து கிடந்தால் அன்றைக்கு டீ சொல்லிவிடுங்கள். கும்பேஸ்வரர் கோயில் பக்கம் மங்களாம்பிகா விலாஸ், காந்தி பூங்கா பக்கம் வெங்கட்ரமணா, மயிலாடுதுறையில் காளியாகுடி என்று பெயர்பெற்ற இடங்களிலும் நான் விடியற்காலைக் கட்சிதான். சனி, ஞாயிறு என்றால் நவக்கிரகக் கோயில் சுற்றுகிற வேன்கள் எட்டு மணிக்கே வந்து இறங்கிவிடும். அப்புறம் எந்த மாஸ்டராக இருந்தாலும் கைவேகத்துக்குத்தான் காபி ஆற்ற முடியும்.

கூட்டத்தைவிடப் பெரிய வில்லன் முகூர்த்த நாள். இதை வழிகாட்டிப் புத்தகம் எதுவும் எழுதாது. டெல்டாவில் சின்ன மெஸ்களில் கைமணக்கச் சமைக்கிற ஆட்கள் பலர் கல்யாணச் சமையலுக்கும் போகிறவர்கள். ஆவணி, தை, வைகாசியில் நல்ல முகூர்த்தம் என்றால் சரக்கு மாஸ்டர் ஏதாவதொரு மண்டபத்தில் இருப்பார், கடையில் உதவி மாஸ்டர் கரண்டி பிடிப்பார். அன்றைக்கு வாழையிலை விலையும் ஏறிவிடும் என்பதால் நுனியிலை போய் நறுக்கிலை வரும், சில இடத்தில் தட்டின் மேல் காகித இலை. இப்படி ஒரு மெஸ்ஸில் எனக்கு விழுந்த வத்தக்குழம்பில் புளி கொதிக்கவே இல்லை. அடுத்த வாரம் அதே மெஸ்ஸில் அதே வத்தக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். ஒரு ஹோட்டலைப் பற்றி முடிவு கட்டும் முன்னால் நாட்காட்டியைக் கிழித்துப் பாருங்கள் என்பேன். எங்கள் ஆபீசில் மதியச் சாப்பாடு எங்கே என்று முடிவு செய்வதற்கே தினசரிக் காலண்டர் தொங்குகிறது.

அசைவத்துக்கும் இதே கணக்குதான், வேறு நாட்கள். புரட்டாசிச் சனி, அமாவாசை, கார்த்திகையில் மாலை போடுகிற காலம், இந்த நாட்களில் கறிக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் சரக்கு தங்கும். தஞ்சாவூர் காந்திஜி ரோட்டில் சத்தார்ஸ் மாதிரி எந்நாளும் ஆள் ஏறி இறங்குகிற இடமென்றால் கவலையில்லை. சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அன்றைக்கு முட்டைத் தோசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிரியாணியில் என்ன அரிசி என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். சீரகச்சம்பா என்று சொல்லிவிட்டுச் சன்னப் பச்சரிசி போடுகிறவர்கள் உண்டு. சீரகச்சம்பாவுக்கு மணம் தனி, வாயில் போட்டதும் பொய் சொன்னது தெரிந்துவிடும்.

ராஜா காலத்துச் சமையல் எங்கே கிடைக்கும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையலைச் சொல்லும் ‘சரபேந்திர பாக சாஸ்திரம்’ சரஸ்வதி மகால் நூலகத்துச் சொத்து. சாம்பாரே மராட்டியர் அரண்மனையில் பிறந்தது என்று ஒரு கதையும் ஊரில் உலவுகிறது. கதை கதையாக இருக்கட்டும். அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பதார்த்தம் நான் உட்கார்ந்த எந்த ஹோட்டலிலும் இலைக்கு வந்ததில்லை. மெனு அட்டையில் ‘மராத்தா ஸ்பெஷல்’ என்று பார்த்தால் பனீரைத்தான் சந்தேகப்படுவேன்.

இனிப்பு விஷயத்தில் ஊருக்கு ஒன்றாக நிறுத்திக்கொள்வது உத்தமம். தஞ்சாவூரில் பாம்பே ஸ்வீட்ஸின் சந்திரகலா, உள்ளே கோவா வைத்து மடித்துப் பொரித்துப் பாகில் போட்டது. கும்பகோணத்தில் முராரி கடை இனிப்பு. நீடாமங்கலத்தில் பால்திரட்டு. திருவையாற்றில் ஆண்டவர் கடை அசோகா. இந்தக் கடைசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அசோகா பாசிப்பருப்பில் செய்வது, கூடக் கோதுமை மாவு, சர்க்கரை, நெய். சூட்டோடு வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டால் பருப்பு இருப்பதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்சல் வாங்கி மெட்ராஸ் போய்ப் பிரித்தால் நெய் உறைந்து, சர்க்கரை மட்டும் முன்னால் வந்து நிற்கும். “என்னப்பா இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று மச்சான் கேட்பார். மறுபடி வாணலியில் துளி நெய் விட்டுக் கிளறிக் கொடுத்தால் பாதி மானம் மீளும். ஜனவரி வாக்கில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் போனால் பாட்டு கேட்கலாம், அசோகாவுக்கு வரிசையில் நிற்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மீனுக்கு அணைக்கரை. 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அது. கும்பகோணத்திலிருந்து மெட்ராஸ் போகிற பழைய சாலையில் வண்டிகள் அங்கே நிற்பது பெரும்பாலும் மீன் வறுவலுக்காகத்தான். வறுத்துக் குவித்திருப்பதைத் தொடாதீர்கள். மசாலா தடவி வைத்திருக்கிற மீனைக் காட்டி, “இதப் போட்டுத் தாங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கோடையில் குளங்கள் வற்றி ஊர்மீன் பிடிக்கிற சித்திரை, வைகாசியில் கிராமத்துப் பக்கச் சாப்பாட்டுக் கடைகளில் விரால் குழம்பு கிடைக்கும். ஒருநாள் முன்னாடியே சொல்லி வைத்தால் இன்னும் உறுதி.

அதே சித்திரை, வைகாசியில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் நிலைமை தலைகீழ். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு விலை சொல்லி மாளாது. மீதமெல்லாம் ஐஸில் வந்தது. கடற்கரையில் உட்கார்ந்து வஞ்சிரம் வறுவலுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஜூன் கடைசியில் போகலாம். வேளாங்கண்ணித் திருவிழாவான ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அந்தப் பக்கம் சாப்பாட்டை நம்பிப் போக வேண்டாம், கட்டுச்சோறு எடுத்துப் போங்கள்.

தடைக்காலத்தில் நாகூருக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. தர்கா பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் வாடா போடுவார்கள். அரிசி மாவில் வெங்காயம் சேர்த்து வடையாகத் தட்டி, மேலே இறால் பதித்து எண்ணெயில் விடுவது. பண்ணை இறாலுக்குத் தடைக்காலம் கிடையாது. ஐந்து மணிக்கு முன்னால் போனால் எண்ணெயே காய்ந்திருக்காது, எட்டு மணிக்கு மேல் போனால் அடியில் கிடந்து ஆறினது வரும். இரண்டுக்கும் நடுவில் போய், முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள்.